பொறுப்பு அம்மா எழுதிய பெயர்

நில அளவை அலுவலகத்தில் அவளுக்குப் பெயரே பொறுப்பு அம்மா என்று ஆகிப்போனது. பழைய தலைவர் ஓய்வுபெற்ற அன்று, வேறு ஆள் வரும்வரை பார்த்துக்கொள் என்று உட்கார வைத்தார்கள். கதவுப் பலகையில் 'தலைவர்' என்பதற்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் 'பொறுப்பு' என்று எழுதினார்கள். பதினோரு வருஷமாயிற்று. ஆளும் வரவில்லை, அந்தப் பொடி எழுத்தும் அழியவில்லை.

ஒரு திங்கட்கிழமை மேலிடத்திலிருந்து தாள் வந்தது. நாளைக்கே நீங்கள் இல்லையென்றால் இந்த நாற்காலிக்குத் தகுந்தவர் யார்? ஒரே ஒரு பெயர், வெள்ளிக்கிழமைக்குள்.

அவள் தாளை மடித்து இழுப்பறைக்குள் தள்ளினாள். ஓய்வுக்கு இன்னும் மூன்று வருஷம் கிடந்தது. பெயர் சொல்ல இருந்தது இரண்டே பேர். ஒருவர் தலையாட்டி, வரைபடத்தைத் தலைகீழாக நீட்டினாலும் சரி என்பார். இன்னொருத்தி கேள்விக்காரி, தபால் பிரிவில் உட்கார்ந்துகொண்டே எந்த எல்லைக்கல் எங்கே என்று பதிவேட்டைத் திறக்காமல் சொல்வாள். அவள் பெயரை எழுதினால் மேலிடம் சும்மா இருக்குமா? தகுந்த ஆள் கிடைத்துவிட்டதே என்று இவளை நாளைக்கே எழுப்பிவிட்டால்?

வீட்டிலும் இருப்புக் கொள்ளவில்லை.

"என் சட்டை என்ன பாவம் பண்ணிச்சு? மூணாவது தடவை தேய்க்கிற," என்றார் கணவர்.

வியாழக்கிழமை மாலை பழைய தலைவர் வீட்டிலேயே போய் நின்றாள். அவர் வேற்றாள் இல்லை. அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பி, இவளுக்குச் சித்தப்பா முறை.

"சித்தப்பா, உங்களுக்கும் இதே மாதிரி தாள் வந்துச்சே, அப்போ என் பேரை ஏன் எழுதுனீங்க? சொந்தம்னா?"

"அட, நீ வேற! நான் அப்போ வேலை நீட்டிப்பு கேட்டிருந்தேன். கெட்டிக்கார ஆளு பேரை எழுதினா என்னை அனுப்பிடுவாங்க. நீ வாயே திறக்காத ஆளு. உன் பேரைப் பார்த்துட்டு, ஐயோ, இவரே இருக்கட்டும்னு சொல்லுவாங்கன்னு நினைச்சேன்." விழுந்து விழுந்து சிரித்தார். "அப்படியும் அனுப்பிட்டாங்களே!"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பேருந்துக்கு நிற்காமல் வீடுவரை விறுவிறுவென்று நடந்தாள். தலையாட்டியைத் தான் என்ன கண்ணால் பார்த்தாளோ, அதே கண்ணால்தான் சித்தப்பா தன்னைப் பார்த்திருக்கிறார். அது நெருஞ்சி முள்ளாகக் குத்திக்கொண்டே வந்தது.

வெள்ளிக்கிழமை காலை பெயரை எழுதினாள். மனசு மாறுவதற்குள் தானே தபால் பிரிவுக்குக் கொண்டுபோனாள். பதிவேட்டில் ஏற்றுவதற்காகக் கேள்விக்காரி தாளைப் பிரித்துப் படித்தாள். அதிலிருந்த தன் பெயரை இன்னொரு தடவை படித்தாள். காது சிவந்துவிட்டது.

"என்னடி, இன்னைக்குக் கேள்வி இல்லையா?"

"இருக்கு மேடம். கீழே தேதி போடலையே?"

அடிப் பாவி என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே பொறுப்பு அம்மா பேனாவை வாங்கினாள். பக்கத்தில் நாற்காலி இருந்தும் உட்காராமல், நின்றபடியே தேதியைப் போட்டாள்.