ரசத்தில் கரைத்த மாத்திரை

தினமும் காலையில் அந்த மாத்திரையை அம்மா கையால்தான் வாங்கி விழுங்குவேன். செங்கல்பட்டில் எனக்குக் கவுன்சிலிங் கொடுத்த மேடம் செய்த ஏற்பாடு அது. குடியை விட வந்தவனிடமே மாத்திரையை விட்டால் ஒருநாள் வசதியாக மறந்துபோவான் என்று அவருக்குத் தெரியும். இதைப் போட்டுக்கொண்டு ஒரு மடக்கு குடித்தாலும் நெஞ்சு அடித்துக்கொள்ளும், மூச்சு முட்டும், உயிரே போகலாம் என்று டாக்டர் சொன்னதை வீட்டில் வந்து சொன்னேன். எங்கள் வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான். நான் சொன்னால் எல்லாருக்கும் புரிந்துவிடும் என்று நினைப்பு.

அன்று சாயங்காலம் வேலை முடிந்து வந்தேன். மாத்திரை அட்டை அடுப்பு மேடையில் கிடந்தது. காலையில் எனக்குப் பிரித்த குழிக்குப் பக்கத்தில் இன்னொன்றும் காலி.

"இன்னாம்மா, இன்னொரு மாத்திரை எங்க?"

அம்மா அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை. "உங்க நைனாவுக்கு மத்தியானம் ரசத்துல கரைச்சி ஊத்திட்டேன். உன்னிய நிறுத்துச்சில்ல? அவரையும் நிறுத்தட்டும்."

"அவருக்குத் தெரியுமா?"

"சொன்னா ஊத்திக்குவாரா?"

நைனா வழக்கம்போல் டாஸ்மாக் கடைக்குக் கிளம்பிப் போயிருந்தார். போன் அடித்தேன். கட்டிலுக்கடியில் மணி கேட்டது.

பக்கத்து வீட்டு வண்டியை வாங்கிக்கொண்டு படாளம் கூட்ரோட்டுக்கு விரட்டினேன். கடை இருக்கிற ரோட்டுப் பக்கமே தலை வைக்கக் கூடாது என்று மேடம் சொன்னதிலிருந்து, ஒரு ஸ்டாப் முன்னாலேயே பஸ்ஸை விட்டு இறங்கி வரப்பு வழியாக வீட்டுக்கு நடந்தவன் நான். இப்போது நேராக அங்கேயே போகிறேன். அவர் குடித்திருப்பாரோ என்ற பயமா, அந்த வாசனை என்னைப் பிடித்துக்கொள்ளுமோ என்ற பயமா, பிரித்துப் பார்க்க முடியவில்லை.

பாருக்குள் காலை வைத்ததும் பழைய கூட்டாளி ஒருவன் கத்தினான். "வா மச்சான்! திருந்தினவரு வந்துகினு கீறாரு, எடம் வுடுங்கடா!"

நைனா மூலையில் உட்கார்ந்து தண்ணீர் பாக்கெட்டைப் பல்லால் கடித்துக் கப்பில் பீய்ச்சிக்கொண்டிருந்தார். கப்பைப் பிடுங்கினேன். பாதி என் கைமேல் வழிந்தது.

"இன்னாடா, அப்பன் கையில இருந்து புடுங்கற?"

"குடிச்சிட்டியா நைனா? சொல்லு, குடிச்சிட்டியா?"

"இன்னும் வாயிலயே வெக்கல. இன்னா இப்போ?"

சொன்னேன். அம்மா செய்ததை, குடித்தால் என்ன ஆகும் என்பதை, எல்லாவற்றையும். கூட்டாளி சிரித்தான். "அப்போ வேஸ்ட் பண்ணாத மச்சான், நீ வுட்டுக்கோ."

நைனா சிரிக்கவில்லை. கப் இன்னும் என் கையில்தான் இருந்தது. விரல் இடுக்கெல்லாம் ஈரம். ஸ்பிரிட் கலந்த ஷேவிங் லோஷன்கூடத் தோலில் படக் கூடாது என்று எச்சரித்திருந்தார்கள். ஆனாலும் கீழே வைக்க மனசு வரவில்லை. அந்த வாசனைக்கு என் வாயில் எச்சில் ஊறியது.

நைனா என் முகத்தையே பார்த்தார்.

"கீழ வைடா," என்றார். குரல் உடைந்திருந்தது. "உன் வயித்துலயும் அதானடா கீது."

வைத்தேன். வெளியே குழாயடியில் நான் கை கழுவி முடிக்கும்வரை அவர் நகரவில்லை. வண்டியில் பின்னால் உட்கார்ந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். "எத்தினி நாளு இது உள்ள இருக்கும்?"

"ரெண்டு வாரம்கூட இருக்கும்னாங்க. நாளைக்கு டாக்டராண்ட போலாம்."

ராத்திரி சாப்பாட்டில் ரசம் ஊற்ற வந்தபோது நைனா தட்டைக் கையால் மறைத்து, "மொதல்ல நீ ஒரு வாய் ஊத்திக்கோ," என்றார் அம்மாவிடம். அம்மா அழுதுகொண்டே ஊற்றிக்கொண்டாள்.

அட்டையை என் தலையணைக்கடியில் வைத்துப் படுத்தேன். காலையில் அதை யார் கையில் கொடுப்பேன்? அம்மாவிடம் கொடுக்கப் பயம். என்னிடமே வைத்துக்கொள்ள அதைவிடப் பயம்.