முதுகுக்குப் பின்னால் ஒரு கச்சேரி

பைப் ஆர்கன் பாடுவதற்கு முன்னால் மூச்சு வாங்கும். மோட்டார் காற்றை நிரப்ப நிரப்ப, மாடியில் வரிசையாக நிற்கும் உலோகக் குழல்களுக்குள் உயிர் ஏறும். பிறகு முதல் சுரம். அது காதுக்கு வருமுன் நாம் உட்கார்ந்திருக்கும் பலகைக்கு வந்துவிடும். திருச்சியின் பழைய தேவாலயம் ஒன்றில் முதன்முதலில் அதைக் கேட்டபோது, கட்டடமே தூக்கத்தில் புரண்டு படுத்ததுபோல் இருந்தது எனக்கு. நான் துறையூர்க்காரி, நாகஸ்வரம் கேட்டு வளர்ந்தவள். அன்று ஏன் கண் கலங்கியது என்று இன்றுவரை தெரியவில்லை.

வாசித்தவர் எங்கள் பள்ளியின் மியூசிக் மிஸ். நான் அங்கே கணக்கு டீச்சர். "ஆராதனையில எல்லாரும் பாடும்போது இது துணைக்கு வரும், அவ்வளவுதான் டீச்சர். இதைக் கேக்கறதுக்குன்னே யாரும் வந்ததில்ல. வெளி ஜனங்க ஒரு தடவை வந்து கேக்கணும்" என்பார். அந்த ஆசை அவருக்குப் பசி மாதிரி. போதகரிடம் கெஞ்சி ஒரே ஒரு சனிக்கிழமை மாலையை வாங்கினார். ஜனங்களுக்குப் பிடிக்காவிட்டால் இன்னொரு மாலை கிடையாது. ஆள் சேர்க்கும் வேலை என் தலையில் விழுந்தது.

நான் குடியிருப்பது ஸ்ரீரங்கத்தில். கச்சேரி என்று சொன்னால் அந்த ஊர்க்காரர்களை வெற்றிலை பாக்கு வைத்தா அழைக்க வேண்டும்? எங்கள் தெருவே மாடி வீட்டு மாமியின் தலைமையில் பஸ் ஏறிவிட்டது. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, பீடத்தைப் பார்த்தபடி பக்தியாக உட்கார்ந்தார்கள். சாயங்கால வெயில் வண்ணக் கண்ணாடி வழியாக இறங்கி மாமியின் பட்டுப்புடவையில் நீலமும் சிவப்புமாகக் கிடந்தது. பின்னால், மாடியில், மிஸ் வாசிக்கத் தொடங்கினார். நான் முன் வரிசையில் கண்ணை மூடிக்கொண்டேன். காவிரியில் கழுத்தளவு தண்ணீரில் நிற்கிற சுகம். இடையிடையே பேச்சுக் குரல் கேட்டு எனக்கு எரிச்சலாகத்தான் வந்தது. ஊர்ப் பழக்கம், விடு என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

கடைசிச் சுரம் ஓய்ந்தது. கைதட்டலே இல்லை. மாமி என் தோளைத் தொட்டார்.

"ஏம்மா, ரெக்கார்டு போட்டது போறும். வித்வான் எப்போ வருவார்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மாமி, இவ்வளவு நேரம் மிஸ்தான் வாசிச்சாங்க. பின்னாடி, மாடியில!"

"பின்னாடியா? சன்னிதிக்கு முதுகைக் காட்டிண்டு யாராவது திரும்பிப் பார்ப்பாளோ?"

பெருமாளைச் சேவித்துவிட்டுப் முதுகு காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து வெளியே வருகிற ஜனங்கள். ஒருவர்கூடத் திரும்பவில்லை. நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், தோன்றவே இல்லை. அட கடவுளே என்று மாடிப்படிக்கு ஓடினேன்.

மிஸ் முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் வெளிச்சம். "கேட்டாங்களா டீச்சர்?"

பொய் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மாமி மூச்சிரைக்கப் பின்னாலேயே ஏறி வந்து உள்ளதைச் சொல்லிவிட்டார். "தப்பா நெனச்சுக்காதீங்கோ. நீங்க வருவேள் வருவேள்னு எதிரே பார்த்துண்டே உக்காந்துட்டோம்."

மிஸ் முகம் வாடிப்போனது. ஆர்கன் மூடியை மெல்லச் சாத்தப் போனார். மாமி அதைப் பிடித்துக்கொண்டார். அடுக்கடுக்கான கட்டைகளைப் பார்த்தார். கீழே காலால் அழுத்தும் நீளக் கட்டைகளைப் பார்த்தார்.

"கையும் காலுமா இவ்வளவு பாடுபட்டேளா?" என்றவர், படியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "எல்லாரும் மேலே வாங்கோ!"

குறுகிய படியில் தெருவே ஏறி வந்து ஆர்கனைச் சுற்றி நின்றது. மிஸ் மறுபடி உட்கார்ந்தார். விரல்களைக் கட்டை மேல் வைத்தார்.

"இத்தனை வருஷமா முதுகைக் காட்டியே வாசிச்சுட்டேன் மாமி. என் கையை யாரும் பார்த்ததில்ல."

"இப்போ பார்க்கறோம். முதல்லேர்ந்து வாசிங்கோ."