குழியை மூடியதற்கு ஒரு விருது

நீங்கள் பொய் சொன்னீர்கள். விருது வழங்கும் இரவில், மேடையில் நின்று, மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள். தோட்டத்துக் காற்பந்துக் குழுவின் ஒத்துழைப்போடும் அதன் பயிற்சியாளரின் சம்மதத்தோடும் திடலைச் சரி செய்து கொடுத்தோம் என்றீர்கள். அந்தப் பயிற்சியாளர் நான். நான் சம்மதம் கொடுக்கவில்லை. நீங்கள் சரி செய்ததாகச் சொன்னது எங்கள் கோயில் பூக்குழியை.

உங்கள் பெயரை நான் எழுத மாட்டேன். கிளப்பின் பெயரையும் எழுத மாட்டேன். நீங்கள் ஒரு தொழில்முறைக் காற்பந்து கிளப்பில் சமூகச் சேவையைக் கவனிக்கும் அதிகாரி. அவ்வளவு போதும். படிக்கும்போது உங்களைத்தான் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். மற்றவர்களுக்கு நடந்தது தெரியாது. அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன்.

நான் பிறந்தது மந்தினிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் எண்ணெய் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில். இப்போது ராசா பட்டணத்தில் குடியிருக்கிறேன். சுங்கை காடுட்டில் ஒரு தொழிற்சாலையில் பாக்கிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மோட்டாரில் தோட்டத்துக்குப் போய்விடுவேன். லயத்துப் பிள்ளைகளுக்கு, தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளில் வளரும் பிள்ளைகளுக்கு, காற்பந்து சொல்லித் தருகிறேன். பெண் பிள்ளைகள், ஆண் பிள்ளைகள் எல்லோரும் ஒரே குழு. யாரும் எனக்கு இந்த வேலையைக் கொடுக்கவில்லை. சின்ன வயதில், பெண் பிள்ளை என்று, அந்தத் திடலில் என்னை ஆட விடாமல் துரத்தினார்கள். நான் போகவில்லை. அப்படித்தான் ஆரம்பித்தது.

தோட்டத்தில் இருப்பது ஒரே திடல். ஒரு பக்கத்து கோல் கம்பத்துக்குப் பின்னால் மாரியம்மன் கோயில். தீமிதிக்குப் பூக்குழி எப்போதும் அம்மனுக்கு நேர் எதிரேதான் தோண்டுவார்கள். அம்மனுக்கு நேர் எதிரே என்றால் கோலுக்கு முன்னால், பெனால்டி பெட்டிக்குள். வெளியூர்க் குழுக்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். எங்களுக்கு இது வழக்கம். திருவிழா நெருங்கினால் அந்தப் பக்கம் ஆட மாட்டோம். பாதித் திடலில் பயிற்சி செய்வோம்.

குழி தோண்டுவது காற்பந்துக் குழுவின் வேலை. எங்களுக்கு முன்னால் ஆடியவர்கள் தோண்டினார்கள், இப்போது நாங்கள். தோண்டிய மண்ணைக் கோழிக்கூட்டு வலையில் சலித்துக் கல்லையும் கண்ணாடித் துண்டையும் எடுத்துவிட்டுப் பக்கத்தில் குவித்து வைப்போம். தீமிதி முடிந்து சாம்பல் ஆறியதும் அதே மண்ணைத் திரும்பப் போட்டு மிதித்து, வெட்டி வைத்த புல்லை மேலே பதிப்போம். சலிப்பதற்குக் காரணம் இருக்கிறது. திருவிழாவில் அந்த இடத்தில் வெறுங்காலோடு நடப்பார்கள். மற்ற நாட்களில் எங்கள் கீப்பர் அதே இடத்தில் முட்டி தரையில் பட விழுவாள். சாம்பல் கலந்த மண் என்பதால் திடல் முழுவதிலும் புல் நன்றாக வளரும் இடமும் அதுதான். இந்த வேலைக்குப் பதிலாகத் திருவிழா முடிந்தால் திடல் எங்களுடையது. மாடு ஏறாமல் இருக்க வேலி போட்டிருக்கிறது. வேலிக் கேட்டின் சாவி கோயில் தலைவரிடம் இருக்கும். எப்போது கேட்டாலும் கொடுத்துவிடுவார்.

போன வருடம் நீங்கள் எனக்குப் போன் செய்தீர்கள். உங்கள் ஆட்டக்காரர்கள் ஒரு தோட்டத்துக்கு வந்து பிள்ளைகளோடு ஆட வேண்டும், கோத்தோங் ரோயோங், ஊரோடு சேர்ந்து சிரமதானம், செய்ய வேண்டும் என்றீர்கள். எனக்குச் சந்தோஷம்தான். பிள்ளைகள் டிவியில் பார்க்கும் ஆட்டக்காரர்கள். வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஆனால் திருவிழா வருகிறது, முடிந்த பிறகு வாருங்கள் என்று நான் தெளிவாகச் சொன்னேன். சரி என்றீர்கள்.

நீங்கள் திருவிழாவுக்கு முன்னால் வந்தீர்கள். ஏன் என்று பிறகுதான் எனக்குப் புரிந்தது. உங்கள் விருது இரவு எங்கள் திருவிழாவுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதற்குள் உங்களுக்குப் படம் வேண்டும்.

அது சனிக்கிழமை. நான் வேலையில் இருந்தேன். கோயில் தலைவரும் கமிட்டி ஆட்களும் ராசாவுக்குப் பந்தல்காரரைப் பார்க்கப் போயிருந்தார்கள். நீங்கள் பஸ்ஸில் வந்து இறங்கினீர்கள். கூடாரம், பேனர், கேமரா, பின்னால் ஒரு லாரி நிறைய உடைத்த கல். கோலுக்கு முன்னால் ஒரு பெரிய பள்ளத்தைப் பார்த்தீர்கள். பிள்ளைகள் விழுந்து காலை உடைத்துக்கொள்வார்கள் என்று உங்களுக்குக் கவலை வந்துவிட்டது. கல்லைக் கொட்டி, உருளையை விட்டு நசுக்கி, மேலே புதுப் புல்லைப் பதித்தீர்கள். நாங்கள் சலித்துக் குவித்திருந்த மண்ணை என்ன செய்தீர்கள் தெரியுமா? உங்கள் கூடாரத்துக்கு முன்னால் சகதியாக இருந்தது என்று அங்கே கொட்டிப் பரப்பினீர்கள். உங்கள் ஆட்டக்காரர்களின் சப்பாத்து அழுக்காகக் கூடாது.

மறுநாள் நான் போனபோது திடல் பார்க்க அழகாகத்தான் இருந்தது. லயத்தில் எல்லோரும் வீட்டில்தானே இருந்தார்கள், ஏன் யாரும் தடுக்கவில்லை என்று கேட்டேன். கோடி வீட்டு அத்தை பதில் சொன்னார்.

"கிராணியே பக்கத்துல நிக்கிறாரு. சிரிச்சிக்கிட்டு வேற நிக்கிறாரு. நாங்க என்னத்த கேக்குறது?"

"கிராணி என்ன சாமியா அத்த?"

"சாமி இல்ல லா. ஆனா கூரை ஒழுகுனா அவருக்கிட்டதானே போவணும்."

தோட்ட ஆபீஸ் குமாஸ்தாவான அந்தக் கிராணியிடம் கேட்டேன். கிளப் ஆட்களோடு போய் நில் என்று மேனேஜர் சொன்னார், நின்றேன் என்றார். மேனேஜர் வந்து சில மாதம்தான் ஆகிறது. திடல் என்றால் திடல் என்று நினைத்துவிட்டார். இதில் ஒவ்வொருவரும் அடுத்தவரைப் பார்த்துச் சும்மா இருந்துவிட்டார்கள். எங்கள் ஆட்களின் புத்தி அப்படி. ஆபீஸ் ஆள் ஒருவர் நின்றால் மேலே எல்லாம் பேசி முடித்துவிட்டார்கள் என்று முடிவு செய்துவிடுவோம். அந்தத் தப்பு எங்களுடையது, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் உங்களுக்கு ஒருத்தி சொன்னாள். எங்கள் கீப்பர். உங்கள் முன்னால் வந்து நின்று, இது தீமிதிக் குழி, மூடக்கூடாது என்று மலாயில் சொன்னாள். நீங்கள் அவள் தலையைத் தட்டிக் கொடுத்து ஒரு தொப்பி கொடுத்தீர்கள்.

"தொப்பி எங்க?" என்று கேட்டேன்.

"கால்வாயில போட்டுட்டேன் கோச்."

"ஏன்?"

"நான் குழியப் பத்திப் பேசுறேன், அவரு தொப்பி சைஸ் கேக்குறாரு."

கோயில் தலைவர் என்னைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டார். அவர் பழைய லாரி டிரைவர். குரலே ஹாரன் மாதிரி இருக்கும். நான் அவரைப் பெரியப்பா என்று கூப்பிடுவேன். தோட்டத்தில் பாதிப் பேர் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"வா பிள்ள, வா. ஒன் பந்துக்காரனுங்க நல்லா வேல செஞ்சிருக்கானுங்க. அம்மன் இனிமே கோல் கீப்பரா நிக்க வேண்டியதுதான்."

"நீங்க சொல்லித்தான் மூடுனாங்கன்னு நான் நெனச்சேன் பெரியப்பா."

"நானா? நான் எதுக்குடி மூடச் சொல்றேன்? எனக்குக் கிறுக்கா?"

"எனக்கு மட்டும் கிறுக்கா?"

கொஞ்ச நேரம் கத்திக்கொண்டோம். பிறகு இருவருக்கும் புரிந்தது. நான் அவர் சம்மதித்தார் என்று நினைத்தேன், அவர் நான் சம்மதித்தேன் என்று நினைத்தார். யாரையும் யாரும் கேட்கவில்லை. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்வெட்டியை எடுத்தார். திரும்பத் தோண்டினோம். உருளையில் நசுங்கிய கல் லேசில் வரவில்லை. கம்பியால் குத்தி, கையால் பொறுக்கினோம். சுற்றிலும் இருந்த மண்ணுக்குள்ளேயும் கல் இறங்கியிருந்தது. லயத்துப் பெண்கள் சமையலை விட்டுவிட்டு வந்து பொறுக்கினார்கள். எங்கள் பழைய மண் உங்கள் கூடாரம் நின்ற இடத்தில் சகதியோடு சகதியாகப் போய்விட்டது.

தீமிதி நடந்தது. எதுவும் நிற்கவில்லை. எல்லாவற்றையும் பொறுக்கிவிட்டோம் என்றுதான் நினைத்தோம். பெரியப்பா வழக்கம்போல நடந்தார். வருடா வருடம் நடப்பவர். கால் சிவந்துகூடப் பார்த்ததில்லை. இந்தத் தடவை குழியைத் தாண்டி வந்து உட்கார்ந்துவிட்டார். உள்ளங்காலில் ஒரு கல் துண்டு, தணல்போலச் சூடேறியது, சதையில் ஒட்டிக்கொண்டிருந்தது. நான்தான் அதை எடுத்தேன்.

"நெருப்பு சுடல பிள்ள," என்றார். "ஒன் கிளப்புக் கல்லுதான் சுட்டுச்சு."

அப்போதும் அவர் திடலைப் பூட்டவில்லை. நொண்டிக்கொண்டே வந்து சாவியைக் கொடுத்தார். புண் ஆறிவிடும் என்றார். அதற்கு அடுத்த வாரம்தான் உங்கள் விருது இரவு.

வீடியோ எல்லாருடைய வாட்சாப்பிலும் வந்தது. அந்தப் பருவத்தின் சிறந்த கோல், சிறந்த இளம் ஆட்டக்காரர், ரசிகர்கள் தேர்ந்தெடுத்தவர். பிள்ளைகள் ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசிக்குப் பக்கத்தில் சமூகச் சேவை விருது. பின்னால் பெரிய திரையில் எங்கள் திடல். உங்கள் தற்காப்பு ஆட்டக்காரர் ஒருவர் எங்கள் குழிக்கு மேலே புல் பதிக்கிறார். நீங்கள் மைக்கைப் பிடித்து என் சம்மதத்துக்கும் என் குழுவுக்கும் நன்றி சொன்னீர்கள். அந்த ஆட்டக்காரர் விருதை வாங்கினார், எல்லோரும் கைதட்டினார்கள்.

பெரியப்பா என் முன்னால் போனை நீட்டினார். கத்தவில்லை. அவர் கத்தாமல் பேசி நான் பார்த்ததில்லை.

"அன்னிக்கு என்கிட்ட இல்லன்னு சொன்ன."

"இப்பவும் இல்லன்னுதான் சொல்றேன்."

"அவ்ளோ பெரிய மேடையில பொய் சொல்லுவானா?"

"சொல்லியிருக்கான், பாக்குறீங்கல்ல."

"நீ சொல்றத நான் நம்புறேன்னே வச்சுக்க. கமிட்டி நம்பல. ஊரே பாத்திருச்சு. சொன்னவனே வந்து மாத்திச் சொல்லட்டும். அதுவரைக்கும் கேட்டு பூட்டித்தான் இருக்கும்."

பூட்டிவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் உண்டு, ஆனால் அவரை நான் குறை சொல்ல மாட்டேன். குழியை நாங்கள் காப்போம் என்ற நம்பிக்கையில்தான் திடல் எங்களிடம் இருந்தது. அதை விற்றுப் படம் எடுத்துக்கொண்டோம் என்று நீங்கள் உலகத்துக்கே சொல்லிவிட்டீர்கள்.

இப்போது என் பிள்ளைகள் செம்பனைக் குலை ஏற்றும் மேட்டுக்குப் பக்கத்தில் ஆடுகிறார்கள். லாரி திரும்பும் இடம். ஒவ்வொரு லாரிக்கும் ஆட்டத்தை நிறுத்துகிறோம். டிரைவர்கள் நல்லவர்கள், பார்த்துத்தான் வருகிறார்கள். ஆனால் பந்து உருண்டால் பிள்ளை பின்னால் ஓடும். எந்த டிரைவராலும் அதைத் தடுக்க முடியாது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான் பயிற்சி கொடுப்பதில்லை, காவல் நிற்கிறேன்.

உங்கள் ஆட்டக்காரர் வந்தார். விருது வாங்கினாரே, அவர். சொல்லாமல், தனியாக, சொந்தக் காரில் வந்தார். கிளந்தான் மாநிலத்து மலாய்க்காரப் பையன். "காக், மிந்தா மாஃப்" என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அது என்ன குழி என்று அவருக்கு அன்றைக்குத் தெரியாதாம். வீடியோவின் கீழே எங்கள் பிள்ளைகள் திட்டி எழுதியதைப் படித்துத்தான் தெரிந்துகொண்டாராம். கண்ணாடியில் செய்த விருதைக் கொண்டுவந்திருந்தார். கோயிலுக்குக் கொடுத்துவிடுகிறேன் என்றார். பெரியப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத வச்சு நான் என்னப்பா பண்றது? பூ வைக்கவா?" என்று தமிழில் கேட்டுவிட்டு, மலாயில் "வேண்டாம், நீயே வச்சுக்கோ" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

பையன் கோபப்படவில்லை. கேட்டைத் திறக்கச் சொன்னார். உள்ளே போய்க் கோலுக்கு முன்னால் குத்த வைத்து, மிச்சமிருந்த கல்லைப் பொறுக்க ஆரம்பித்தார். எங்கள் கீப்பர் வாளியைக் கொண்டுபோய் அவர் பக்கத்தில் வைத்தாள். மதியம்வரை பொறுக்கினார். படம் எடுக்க யாரும் இல்லை. பெரியப்பா அவருக்குச் சோறு போட்டார். பையன் சாப்பிட்டு முடித்ததும் பெரியப்பா நேராகக் கேட்டார்.

"நடந்தத நீ வெளிய சொல்லுவியா?"

தன்னால் முடியாது என்றார் பையன். கிளப்பைப் பற்றி வெளியே பேசக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதாம். உங்களிடம் சொல்லிவிட்டதாகவும், பார்க்கலாம் என்று நீங்கள் பதில் சொன்னதாகவும் சொன்னார். பெரியப்பா தலையாட்டினார். பையன் காரை எடுத்ததும் கேட்டைத் திரும்பப் பூட்டினார்.

ஆக, உங்களுக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் அந்த வீடியோ இன்னும் உங்கள் கிளப்பின் இணையப் பக்கத்தில் இருக்கிறது. நான் அனுப்பிய செய்திகளைப் படித்ததற்கு நீலக் குறி விழுந்திருக்கிறது, பதில் இல்லை. நேரில் வந்தேன். கூட்டத்தில் இருக்கிறீர்கள் என்றார்கள். பிறகு உங்கள் உதவியாளர் போன் செய்து, பிள்ளைகளுக்குப் புது ஜெர்சி தருகிறோம், இதோடு விட்டுவிடுங்கள் என்றார். எங்களிடம் ஜெர்சி இருக்கிறது. ஆடத்தான் இடமில்லை.

எனக்கு உங்கள் மன்னிப்பு வேண்டாம். விருதைத் திருப்பிக் கொடுங்கள் என்றும் கேட்கவில்லை. அந்தப் பையன் பொறுக்கிய கல்லுக்கு அது அவரிடமே இருக்கட்டும். அந்த வீடியோ இருக்கும் அதே பக்கத்தில், அதே படத்தைப் போட்டு, எல்லோரும் பார்க்கும்படி நீங்கள் சொல்ல வேண்டும். திருவிழா முடிந்து வாருங்கள் என்று நான் சொன்னதைச் சொல்லுங்கள். இது கோயில் குழி என்று ஒரு பிள்ளை உங்களிடம் சொன்னதைச் சொல்லுங்கள். பெரியப்பா அதைப் படித்த நிமிடம் சாவியை எடுத்துக்கொண்டு வருவார். எனக்கு அவரைத் தெரியும்.

எனக்குத் தனியாகப் பதில் அனுப்பாதீர்கள். உதவியாளரை விட்டுப் பேசாதீர்கள். எல்லோருக்கும் முன்னால் எனக்கு நன்றி சொன்னீர்கள் அல்லவா, எல்லோருக்கும் முன்னால் பதிலும் சொல்லுங்கள். அந்தக் குழியை மூட உங்களுக்குச் சம்மதம் கொடுத்தது யார்?