ஈறுக்குள் படுத்துக் கிடந்த ஞானப்பல்

1. கொடைக்குப் பிறந்தவள்

தென்காசியில் அரசுப் பல் மருத்துவராகச் சேர்ந்த முதல் மாதம். பல் பிடுங்குவதைத் தாண்டி வேறு வேலை வராது என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் குழந்தைகள் நல அலுவலகத்து அம்மா ஒருவர் ஒரு பெண்ணையும் அவள் அப்பாவையும் அழைத்து வந்தார். செல்வி என்று வைத்துக்கொள்வோம். ஐந்தருவியில் சிப்ஸ் கடையில் வேலை. வெள்ளிக்கிழமை தாய்மாமனோடு கல்யாணம் என்று இருந்ததை யாரோ போன் செய்து சொல்லிவிட்டார்கள். பதினெட்டு ஆகவில்லை என்றால் கல்யாணம் நிற்கும். செங்கல் சூளை சூளையாக அலைந்த குடும்பம். பிறப்புச் சான்றும் கிடையாது, பள்ளிச் சான்றும் கிடையாது. பல்லைப் பார்த்துத்தான் வயது சொல்ல வேண்டும்.

அப்பா அடித்துப் பேசினார். "பதினெட்டு முடிஞ்சிட்டு டாக்டரம்மா. எங்க அம்மன் கோயில் கொடைத் திருவிழா அன்னைக்குல்லா பொறந்தா!"

"எந்த வருசத்துக் கொடை?"

"அது... நல்லா மழை பெஞ்ச வருசம்."

செல்வி குறுக்கே புகுந்தாள். "பதினேழுதான். பதினேழுன்னே எழுதுங்க டாக்டரம்மா. எனக்கு அந்த ஆளு வேண்டாம்."

2. என் அவசரம்

வாயைத் திறக்கச் சொல்லி எண்ணினேன். இருபத்தெட்டுப் பல். பதினேழு, பதினெட்டுக்கு மேல் கடைசியாக வரும் ஞானப்பல் ஒன்றுகூட முளைக்கவில்லை. எனக்கு ஒரே சந்தோஷம். 'பதினெட்டுக்குக் கீழ்' என்று எழுதியே விட்டேன். கையெழுத்துப் போடும்போதுதான் உறுத்தியது. கடலைச் செடியை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுக் காயில்லை என்று சொல்கிற மாதிரி அல்லவா இது?

திருநெல்வேலிக்கு அனுப்பி, தாடை முழுவதும் தெரியும் ஓபிஜி எக்ஸ்ரே எடுத்தோம். கீழ்த்தாடையில் இரு பக்கமும் ஞானப்பல் குறுக்கே படுத்துக் கிடந்தது. வேர் முழுசாக வளர்ந்து, நுனியும் மூடிவிட்டது. அப்படியென்றால் பெரும்பாலும் பதினெட்டைத் தாண்டியாயிற்று. அங்கேயே மணிக்கட்டு எலும்பையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டரும் அதையே சொன்னார். முதலில் எழுதியதைக் கிழித்துப் போட்டேன்.

முடிவைச் சொன்னேன். "நான் என்ன பொய்யா சொல்லுதேன்?" என்று அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

செல்வி முகம் செத்துவிட்டது. "அப்ப கல்யாணம் நடந்திருமா?"

"பதினெட்டு முடிஞ்ச பொண்ணை அவ சம்மதம் இல்லாம யாரும் கட்டிவைக்க முடியாதும்மா" என்றேன்.

எக்ஸ்ரே படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இது நெசமாவே என் பல்லா?" என்று கேட்டுவிட்டு, அலுவலக அம்மாவிடம் திரும்பினாள்.

"எழுதிக்கிடுங்க மேடம். எனக்குப் பதினெட்டு முடிஞ்சிட்டு. இந்தக் கல்யாணம் எனக்கு வேண்டாம்."

நான் இரக்கப்பட்டு வயதைக் குறைத்திருந்தால், பதினெட்டு ஆகட்டும் என்று அந்தக் கல்யாணம் தள்ளித்தான் போயிருக்கும். நிறுத்தியது அவள்.