ஜும்ஆவில் மட்டும் விழித்திருந்த கருவி

அக்குறணையில் ஷஹ்மாவைத் தெரியாத கடைக்காரர் குறைவு. வாப்பாவின் கைத்தொலைபேசி திருத்தும் கடையில் இருந்தபடியே, தானாகப் புரோகிராம் எழுதப் பழகியவள். யார் எழுதியதையும் சந்தேகிப்பாள்; தான் எழுதியதை இன்னும் கொஞ்சம் கூடுதலாக.

கடைகளுக்குப் பின்னால் ஓடும் ஓயா என்ற சிற்றாறு பெருகும்போதெல்லாம் மர்சூக் மாமாவின் துணிக்கடை நனையும். அவருக்காக அவள் ஒரு கருவி செய்தாள். தண்ணீர் ஏறினால் சைரன் ஊதும். வெள்ளி மதிய ஜும்ஆத் தொழுகை நேரத்தில் மட்டும் ஊதக்கூடாது, பள்ளிவாசலில் ஹஸரத்தின் குத்பாப் பிரசங்கம் நடக்கும். கடையிலும் ஆளிருக்காது. அப்போது வீட்டுப் பெண்களின் தொலைபேசிக்குச் செய்தி போக வேண்டும்.

பொருத்திய மறுநாளே வெள்ளி, மழையும் வந்தது. செய்தி கிடைத்ததும் மர்சூக்கின் மனைவி மஸீனா மாமி சாவியோடு ஓடிப்போய்த் துணிகளை மேல்தட்டுக்கு ஏற்றிவிட்டார். தொழுதுவிட்டு வந்த மர்சூக் பூரித்துப்போனார்.

"அல்ஹம்துலில்லாஹ்! இனி எனக்குக் கவலயில்ல, மகள்."

"பொறுங்க மாமா. சைரன் ஊதி நாங்க இன்னும் கேக்கல்லயே."

"ஊதியிருந்தா ஹஸரத் எனக்குன்டே தனியா ஒரு பயான் வெச்சிருப்பார்!"

எல்லோருக்கும் அந்தப் பயம்தான். அதனால் ஷஹ்மாவும் ஜும்ஆ நேரத்தை மட்டுமே திரும்பத் திரும்பச் சோதித்திருந்தாள். சனி காலை, தண்ணீரை அறியும் உணரியைக் கழற்றி வந்து வாளித் தண்ணீரில் அமிழ்த்திப் பார்த்தாள். சைரன் ஊதவில்லை. வெளியே வானம் மறுபடி கறுத்தது.

கடைக் கதிரையில் மடிகணினியோடு உட்கார்ந்து வரி வரியாகப் படித்தாள். ஜும்ஆ நேரமானால், தண்ணீர் ஏறியிருந்தால், செய்தி அனுப்பு. இல்லாவிட்டால் சைரன் பகுதிக்குப் போ; அங்கேயும் தண்ணீர் ஏறியிருந்தால்தான் ஊது. அந்த 'இல்லாவிட்டால்' ஜும்ஆவுக்குரியது என்று காட்ட, ஜும்ஆ வரிக்கு நேர்கீழே எழுதியிருந்தாள். கணினி அந்த ஒழுங்கைப் பார்ப்பதில்லை. மிக அருகிலுள்ள நிபந்தனையோடுதான் அதைச் சேர்க்கும். இங்கே அது தண்ணீர். இதனால் சைரன் பகுதி முழுவதும் ஜும்ஆவுக்குள் அடைபட்டுப்போனது. மற்ற நேரங்களில் கருவி ஓயாவைப் பார்க்கவேயில்லை.

"நேத்து நல்லா வேல செஞ்சதே, அத ஏன் நோண்டுறீங்க?" என்றார் மர்சூக்.

"நேத்து வெள்ளி, மாமா."

தண்ணீர் நிபந்தனையோடு சேர்த்துச் செய்தி அனுப்பும் பகுதியை அடைப்புக்குறிக்குள் பூட்டினாள். இப்போது 'இல்லாவிட்டால்' ஜும்ஆவோடு சேர்ந்தது. உணரியை வாளியில் இறக்கியதும் சைரன் அலறியது. மர்சூக் துணிக்கட்டோடு ஏணியில் பாதி ஏறிவிட்டார்.

"மாமா, இது வாளித் தண்ணி!"

சிரித்துக்கொண்டே அவள் உணரியை ஓயாக்கரையில் திரும்பப் பொருத்தினாள். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு மழை கொட்டியது. சைரன் மீண்டும் அலறியது.

"வாளியா, ஓயாவா?" என்று கத்தினார் மர்சூக்.

"ஓயா!"

அவர் ஏணியில் ஏற, ஷஹ்மா கீழிருந்து கட்டுகளை எடுத்துக் கொடுத்தாள். தண்ணீர் கடைக்குள் வந்தபோது கீழ்த்தட்டில் ஒரு துணியும் இல்லை.