கூப்பிட்டால் போக வேண்டும்

பட்டாளத்தில் அதிகாரியாகச் சேர்வதைவிட, வெளியே வந்துவிட்டேன் என்று ஊரை நம்பவைப்பதுதான் கஷ்டம். குறுகிய காலப் பணி முடித்துக் கேப்டனாக வந்த எங்களுக்கு இன்னும் ஐந்து வருடம் ‘ரிசர்வ்’ கடமை உண்டு. அவசரமென்று அரசாங்கம் கூப்பிட்டால் போக வேண்டும். என்னைப் போல் இதில் மாட்டியவர்களுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்லப்போவதில்லை.

வேலைக்குச் சேர்ந்தது

கோவையில் ஒரு பம்ப் கம்பெனி. நிர்வாக மேலாளர் வேலை. ரிசர்வ் விஷயத்தை இன்டர்வியூவிலேயே ஒளிக்காமல் சொன்னேன். முதலாளி கொஞ்சம் யோசித்தார்.

“அதுக்கென்னங்க கேப்டன், சண்டை வந்தா ஒரு மாசம் முன்னாடியே சொல்லிப்போடுங்க. வேற ஆளு பாக்கோணுமல்லொ.”

பூட்ஸ்

ஒரு முறை எல்லையில் பதற்றம் என்று கேன்டீன் டிவியில் ஓடியது. அன்று சாயங்காலமே பரணிலிருந்து பூட்ஸை இறக்கிப் பாலீஷ் போட்டேன். பத்து நாள் போனைக் கையைவிட்டுக் கீழே வைக்கவில்லை. யாரும் கூப்பிடவில்லை. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும்; எனக்கோ ஏமாற்றமாக இருந்தது. கேட் செக்யூரிட்டி பொன்னுசாமி பழைய ஹவில்தார், அறுபத்திரண்டு வயது. அவரிடம் மட்டும் சொன்னேன்.

“நானும் பாலீஷ் போட்டு வச்சிருக்கேனுங்க சார். எங்கூட்டுல சொல்லிப்போடாதீங்க.”

பெண் பார்த்தது

பெண் கவிதா, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அப்பாவுக்குக் காங்கேயத்தில் எண்ணெய் மில். எங்கள் இருவருக்கும் பிடித்துப்போனது. ஐந்து வருடம் முடிய இன்னும் ஏழு மாதம் இருந்தது. அவள் அப்பா மரியாதையாகத்தான் சொன்னார்.

“விட்டுப்போட்டோம்னு பட்டாளத்துலருந்து ஒரு காயிதம் வரட்டுமுங்க தம்பி. அடுத்த முகூர்த்தத்துலயே வச்சுக்கலாம்.”

பொருந்தாததை அடிக்கவும்

ஏழாவது மாதம் ஒரு படிவம் வந்தது. ரிசர்வில் மேலும் இரண்டு வருடம் நீடிக்க ‘விருப்பம்’, ‘விருப்பமில்லை’ என்று இரண்டு வரி. வேண்டாததை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். நான் ‘விருப்பமில்லை’யை அடித்தேன். தபாலில் சேர்த்துவிட்டு டீ குடிக்கும்போதுதான் கவிதாவின் அப்பா ஞாபகம் வந்தது. திருத்தி ஒரு கடிதம் போட்டால் போதும். போடவில்லை. நாலு நாள் கழித்துக் கவிதாவுக்குப் போன் செய்து, திங்கட்கிழமை கைதவறி வேறு வரியை அடித்துவிட்டேன் என்றேன்.

“கைதவறியிருந்தா செவ்வாக்கெழமையே மாத்தி எழுதியிருப்பீங்க. அப்பாகிட்ட நான் பேசிக்கறேனுங்க, எங்கிட்ட மட்டும் பொய் சொல்லாதீங்க.”

ஆக, ஒரு தடவைகூடக் கூப்பிடாத அரசாங்கத்துக்காக இன்னும் இரண்டு வருடம் தயாராக இருக்கிறேன். கல்யாணம் அந்தக் காகிதம் வராமலேயே ஆவணியில் முடிந்துவிட்டது.