புள்ளிக்கோழியின் முதுகு

முப்பத்தொரு வருஷம் ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போடும் அறையில் வேலை பார்த்தவள் அவள். அழுகிய காலைத் துடைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, அந்த அறை வாசலிலேயே நின்று டிபன் டப்பாவைத் திறந்தவள். ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் எல்லோருக்கும் அவள் 'சிஸ்டர்'தான். அப்பேர்ப்பட்டவளே அன்று காலை புள்ளிக்கோழியைத் தூக்கியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வீட்டுப் பின்புறம் வலைக்கூண்டு கட்டி நாலே நாலு கோழிகள்தான் வளர்த்தாள். பள்ளிக்கூட வேன் ஓட்டும் அவள் கணவர், ஆறு வாரம் முன்னால் சேவல் ஒன்றை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்து இறங்கினார். சிவப்புச் சேவல். காலில் கட்டைவிரல் நீளத்துக்கு முள்.

"கூண்டுன்னா ஒரு ஆம்பளை வேணாமா?" என்றார்.

வந்த நாளிலிருந்தே அது ஓயவில்லை. சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தால், எந்நேரமும் ஏதாவது ஒரு கோழியின் பிடரியைக் கவ்விக்கொண்டு மேலே நின்றிருக்கும். பெரும்பாலும் புள்ளிக்கோழிதான் மாட்டிக்கொள்ளும். கூண்டைக் கூட்டும்போது இறகு அள்ள அள்ள வந்தது. "இறகு உதிர்ற காலம்" என்றார் அவர். அவளும் நம்பிவிட்டாள். இரண்டு நாளாகப் புள்ளிக்கோழி இரை எடுக்காமல் மூலையில் ஒடுங்கி நிற்கவும்தான் தூக்கிப் பார்த்தாள்.

கழுத்திலிருந்து வால்வரை ஒரு இறகு இல்லை. வழித்தெடுத்த மாதிரி செக்கச்செவேலென்று தோல், அதில் ஒடிந்த இறகுகளின் அடிக்கட்டை. வலது இறக்கையைத் தூக்கினால், உள்ளே ஒரு விரல் நீளத்துக்குக் கிழிசல். சேவலின் முள் கிழித்தது. அதில் ஈ மொய்த்து, வெள்ளையாய்ப் புழு நெளிந்தது. நாற்றம் மூக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

உப்புத் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து, இடுக்கி எடுத்து, ஒவ்வொரு புழுவாகப் பிடுங்கினாள். கோழி கத்தவில்லை, கண்ணை மூடி மூடித் திறந்தது. அந்த நேரத்தில்தான் வாசலில் கணவர் எதிர்வீட்டு மெக்கானிக்கிடம் சொல்லிச் சிரிப்பது கேட்டது.

"நம்மாளு ஒரு நிமிஷம் சும்மா இருக்கமாட்டான்ப்பா. நாலு பொண்டாட்டி பத்தல அவனுக்கு!"

மெக்கானிக்கும் சிரித்தான். புழுவைவிட அந்தச் சிரிப்புதான் அவளுக்குக் குமட்டியது.

கோழியைக் கூடையில் வைத்துக் கால்நடை டாக்டரம்மாவிடம் கொண்டு போனாள்.

"சிஸ்டர், மொத்தம் எத்தனை கோழி?"

"நாலு."

"நாலுக்கு ஒரு சேவலா? குறைஞ்சது பத்துக் கோழியாவது இருக்கணும். இல்லன்னா இப்படித்தான், பிடிச்ச ஒண்ணையே மிதிச்சு மிதிச்சுக் கொன்னுடும். முதல்ல பிரிச்சு வைங்க. முள்ளு நுனியையும் நகத்தையும் ராவி விடுங்க. புண்ணுக்கு ஊதா மருந்து போடுங்க. சிவப்பு தெரிஞ்சா மத்த கோழிங்களும் கொத்தும்."

வீட்டுக்கு வந்ததும் கணவரைக் கூப்பிட்டாள்.

"வந்து பிடிங்க."

"எதை?"

"உங்க ஆளைத்தான்."

அவர் மடியில் சேவலை அமுக்கிப் பிடித்துக்கொள்ள, அவள் அரத்தால் முள்ளின் நுனியை மழுக்கினாள். உள்ளே ரத்தம் ஓடும் என்பதால் கொஞ்சம்தான் ராவ முடிந்தது. சேவல் உதறி, அவர் வேட்டியெல்லாம் கழிந்து வைத்தது. அதைத் துடைக்கக்கூட விடாமல், புள்ளிக்கோழியை அவர் முன்னால் நீட்டி இறக்கையைத் தூக்கிக் காட்டினாள்.

"பாருங்க. நல்லா கிட்ட வந்து பாருங்க. இதுக்குத்தானே காலையில அந்தச் சிரிப்பு?"

அவர் குனிந்து பார்த்தார். பார்த்தவர் எழுந்து போய்ச் சாக்கடை ஓரம் குந்தி வாந்தி எடுத்தார். அவள் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை.

மறுநாள் அவரே ஆணியும் சுத்தியலுமாய் நின்று கூண்டுக்குக் குறுக்கே வலை அடித்தார். அவள் பழைய படுக்கை விரிப்பை இரண்டாக மடித்துத் தைத்து, இறக்கையில் மாட்ட எலாஸ்டிக் வைத்து, மற்ற மூன்று கோழிகளுக்கும் முதுகு உறை போட்டுவிட்டாள். அவற்றின் முதுகிலும் சொட்டை விழ ஆரம்பித்திருந்தது; சிவப்பைப் பார்த்து ஒன்றையொன்று கொத்திக்கொள்ளக் கூடாதே. போட்டதும் மூன்றும் பின்பக்கமாகவே நடந்து சுவரில் முட்டின. இரண்டு நாளில் பழகிக்கொண்டன. வலைக்கு அந்தப் பக்கம் சேவல் காலையிலிருந்து சாயங்காலம்வரை ஒரே கோட்டில் நடந்து கொக்கரித்தது. அந்தச் சத்தம் கேட்டாலே அவளுக்கு உடம்பு கூசியது.

பத்து நாள் பொறுத்தாள். "ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்றாள். ஊருக்கு வெளியே முப்பது கோழி வைத்திருக்கும் ஒருவருக்குச் சேவலைக் கொடுத்துவிடுவதாக முடிவானது. அட்டைப்பெட்டியில் அடைத்துப் பள்ளிக்கூட வேனில்தான் கணவர் கொண்டு போனார். அதன்பின் ஒரு வாரம் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஏறினார்கள்.

புள்ளிக்கோழி பிழைத்துக்கொண்டது. ஆனால் இறகு உடனே வரவில்லை. ஒடிந்த அடிக்கட்டைகள் நிஜமாகவே இறகு உதிர்க்கும் பருவம்வரை அப்படியே இருந்தன. நாலு மாசம் கழித்துத்தான் அவை விழுந்து, முதுகு முழுக்கக் குச்சி குச்சியாய்ப் புது இறகு முளைத்தது. தடவிப் பார்க்கப் போனவள் கையை இழுத்துக்கொண்டாள்.

அவள் முட்டையை வாயில் வைப்பதை விட்டுவிட்டதால், எல்லாம் மெக்கானிக் வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் சாப்பிடும்போது கணவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"இன்னுமா உனக்கு அருவருப்பு போகல?"

"போகல" என்றாள், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல். அவர் கேட்டது முட்டையைப் பற்றியா, தம்மைப் பற்றியா என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.